குடிபூரலுக்கு வாங்கிய குத்துவிளக்கு

மருதனார்மடச் சந்தியில் பதினெட்டு வருடமாகப் போன் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கம்பஸ் பிள்ளைகளும் கேம் காசு போட என்னிடந்தான் வருவார்கள். டயமண்ட், கொயின், லைவில் பாடுகிறவர்களுக்கு எறிகிற ரோசாப்பூ, எல்லாவற்றையும் என் கார்ட்டால் வாங்கிக் கொடுப்பேன். ஐடி இலக்கத்தை ஒருமுறை கேட்டால் போதும், பிழைக்காது. என் கை பிழைத்தது ஒரேயொரு நாள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டியது அந்தக் கதையைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற தம்பிராசா வந்தார். மனைவியின் போனை மேசையில் வைத்தார்.

"அண்ணை, உதுக்குள்ளை ஒரு வீடு இருக்காம். சுபா கட்டினது. இண்டைக்குக் குடிபூரலாம்."

சுபா அவருடைய ஒரே மகள். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு மெல்போர்னுக்குப் போனவள். நாலு வருடமாகத் தகப்பனும் மகளும் கதைப்பதில்லை. அங்கே அவர்கள் இருப்பது வாடகை அறையில். ஆட்கள் பொம்மை உருவத்தில் நடந்து திரிகிற ஒரு ஒன்லைன் ஊரில் காணி வாங்கி, அறை அறையாக வீடு கட்டியிருக்கிறாள். அந்தப் புது வீட்டுக்குக் குடிபுகுகிற நாள்தான் இன்று. 'அப்பாவும் விரும்பினால் வரட்டும். ஊர் நேரம் பத்தரைக்கு முதல் வரவேணும்' என்று தாய்க்கு மெசேஜ் போட்டிருந்தாள்.

"ராகுகாலம் பாத்திருக்கிறாள் அண்ணை," என்றார். மெசேஜைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு, "குடிபூரலுக்கு வெறுங்கையோடை போறதே? என்ன விக்கிறாங்கள் உதுக்குள்ளை?"

முதலில் அவருக்கு ஒரு பொம்மை செய்தேன்.

"நிறத்தைக் கொஞ்சம் வெள்ளையாப் போடட்டே?"

"வேண்டாம். இது அப்பாதான் எண்டு அவள் மட்டுக்கட்ட வேணும். மீசையை வையுங்கோ. வேட்டி இல்லையோ?"

"அதுக்குத் தனிக் காசு."

"குடிபூரலுக்குக் காற்சட்டையோடை போகேலுமே? வாங்குங்கோ."

அந்த ஊர்க் கடையில் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருந்தது. எங்கள் காசில் எட்டாயிரம் ரூபா.

"உந்தக் காசுக்கு உண்மையான விளக்கே வாங்கலாம்," என்றேன்.

"வாங்கி எங்கை வைக்கிறது? அவளின்ரை வீடு உதுக்குள்ளையெல்லோ இருக்கு."

விளக்குக்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்று வாங்க, மற்றது பரிசாக அனுப்ப. பழக்கதோசத்தில் முதலாவதை அமத்திவிட்டேன். விளக்கு சுபாவிடம் போகாமல் தம்பிராசாவின் பொம்மைக்கே வந்துவிட்டது. தனக்கென்று வாங்கினதை அங்கே வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கவும் முடியாது. இன்னொன்றை என் செலவில் வாங்கப் பார்த்தேன். கார்ட்டின் அன்றைய லிமிட் முடிந்திருந்தது. நேரம் பத்தே பத்து.

மறைக்காமல் சொன்னேன். மனிதன் கொதித்துப் போனார்.

"சந்தி முழுக்க உங்களைப் கை பிழைக்காத பெரிய விண்ணன் எண்டு சொல்லுது!"

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த வீட்டு ஆள் என்று பதிந்திருந்தால் தன் சாமானைத் தானே அங்கே வைக்கலாம். பதிவதற்கு வீட்டுக்காரி சம்மதிக்க வேண்டும்.

"உங்களை வீட்டு ஆளாய் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ," என்றேன்.

"நானோ? வீட்டை விட்டுப் போடி எண்டு அவளைக் கலைச்சதே நான்தானே அண்ணை."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தே கால். போனைக் கையில் எடுத்தார். நான் திசை சொல்ல, வேட்டி கட்டின பொம்மை விளக்கோடு நடந்து சுபாவின் வாசல் படலையடியில் போய் நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சுபா என்ற பெயரோடு பச்சைச் சேலை உடுத்த பொம்மை ஒன்று படலைக்கு வந்தது. மைக்கைப் போட்டுவிட்டேன்.

"பிள்ளை, அப்பா வந்திருக்கிறன். விளக்கு கொண்டந்தனான். வீட்டு ஆளாய்ப் பதிஞ்சால்தான் வைக்கலாமாம்." குரல் இறங்கிவிட்டது. "உனக்கு விருப்பமெண்டால் பதி."

பச்சைச் சேலை அசையவில்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். திரையில் ஒரு வரி வந்தது: தம்பிராசா இந்த வீட்டைச் சேர்ந்தவர். அதற்குப் பிறகுதான் அவளுடைய குரல் வந்தது.

"உள்ளுக்கை வாங்கோ அப்பா. செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

பொம்மைக்குச் செருப்புக் கழற்றத் தெரியாது. தம்பிராசா என் கடைக்குள் நின்று தன்னுடைய செருப்பைக் கழற்றினார்.

"மாமா, வாசலுக்கு நேரை வையுங்கோ," என்றது ஓர் ஆண்குரல். ராகுகாலத்துக்கு நாலு நிமிடம் இருக்க விளக்கு வைத்தாயிற்று. அதன்பிறகும் அவர் ஒரு மணித்தியாலம் என் கதிரையை விட்டு எழும்பவில்லை. மருமகனிடம் மெல்போர்னில் மிளகாய் காய்க்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையாளர்களை நான் வெளியே நிற்க வைத்தேன்.

சரியான பட்டனை அமத்தியிருந்தால் விளக்கு தனியே போயிருக்கும், மனிதன் விருந்தாளி மாதிரித் தலையைக் காட்டிவிட்டுச் சண்டிலிப்பாய்க்குத் திரும்பியிருப்பார். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராத பாடம் இது. இப்போது யார் பரிசு வாங்க வந்தாலும், விலை சொல்ல முதல் நான் கேட்பது ஒன்றுதான்: "அனுப்பப் போறியளோ, கொண்டுபோகப் போறியளோ?"