இரத்தாம்பரம் விற்றவளின் வீடு

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை கே.கே. நகருக்குக் குடிவந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏழெட்டுதான். பக்கத்தில் ஆலயம் கிடையாது. அதனால் ஞாயிறு மாலைகளில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் கூடிப் பாடுவோம், ஜெபிப்போம். நான் நாகமலை புதுக்கோட்டைக் கல்லூரியில் வரலாறு படித்தவள். ஆதிச் சபையைப் பற்றி வாரம் பத்து நிமிடம் பேசும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, ஜெபம் முடியும் நேரத்தில் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல்வீட்டுக் கைப்புள்ள தூங்க மாட்டேங்குது தாயி. அடுத்த வாரத்துல இருந்து வேற இடம் பாத்துக்கங்க."

அவர் போனதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது பின்வரிசையில் இருந்த சேலைக்கார அக்கா வாய் திறந்தார். சுங்குடிச் சேலை மூட்டையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். திருமங்கலம் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பம். கணவர் இல்லை.

"என் வீட்டுக்கு வாங்களேன். சின்ன இடந்தான். நெருக்கி உக்காந்தா அம்புட்டுப் பேரும் கொள்ளலாம்."

அவர் தெருவில் தண்ணீர்கூடக் குடித்திராதவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"வேற எடம் பாப்போம்மா. அங்க எல்லாரும் வருவாகளா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் பேசியதே பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற பெண்ணைப் பற்றித்தான். இரத்தாம்பரம் என்றால் ஊதாத் துணி என்று விளக்கத்தான் விட்டுப்போயிருந்தது.

"ஐயா, அந்த ஊர்ல சபை தொடங்குனதே ஒரு துணி விக்கிற அம்மா வீட்டுலதான். மொத முன்னூறு வருஷம் ஆலயம்னு தனியா கட்டினது ரொம்பக் குறைவு. யாரு கதவைத் தெறந்தாகளோ அந்த வீடுதான் சபை. எசமானும் அடிமையும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாக."

அக்காவுக்குக் கண்கள் விரிந்தன. "அப்ப அவுகளும் என்னைய மாதிரி சேலைக்காரியா? இம்புட்டு நாளா ஒருத்தரும் சொல்லலையே!" என்று கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு, அடுத்த வாரம் அவர் வீட்டில்தான் என்று முடிவாயிற்று.

அடுத்த ஞாயிறு யாருமே வராமல் போவார்களோ என்ற பயத்தில் முன்னதாகவே போனேன். ஒற்றை அறை. மேலே கொடியில் சிவப்பும் ஊதாவுமாகச் சேலைகள். ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர்ந்தது. கடைசியாக ஸ்டேஷன் மாஸ்டரும் மனைவியோடு வந்தார். முழங்கால் வலிக்காரர் அவர். அதைக் கவனித்த பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டு ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டார். நாங்கள் பாடத் தொடங்கியதும் ஜன்னலில் தெருப் பிள்ளைகளின் முகங்கள். அவர்களும் சேர்ந்து பாடினார்கள், எங்களைவிடச் சத்தமாக.

ஜெபம் முடிந்ததும் அக்கா எல்லோருக்கும் எலுமிச்சைச் சோறும் சுண்டலும் வைத்தார். நாங்கள் இலையைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்து ஸ்டேஷன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் வைத்தார். மென்றார். இலை காலியானதும் நிமிர்ந்தார்.

"இன்னுங் கொஞ்சம் இருக்கா தாயி?"

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அள்ளி வைத்தார். அந்த முதல் விசுவாசிகள் கூடிச் சாப்பிட்டதை ஏன் அத்தனை மகிழ்ச்சியோடு எழுதி வைத்தார்கள் என்று பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. கொடிச் சேலைகள் தலையில் உரச, அன்று விளங்கியது. விசுவாசம் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அறைதான்.

சில ஆண்டுகளில் எங்களுக்கென்று ஆலயம் எழும்பியது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கா வீட்டில்தான் கூட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். ஏன் என்று கேட்டேன்.

"பெஞ்சுல உக்காந்தா முன்னால இருக்கிறவுக முதுகுதானம்மா தெரியுது. அங்கன்னா எல்லாரு மொகமும் தெரியுது."