பேப்பர் கட்டிங்கின் அடியில் ஒரு பெயர்

ஆஸ்டின் டவுனில் முப்பது வருடத்துக்கு மேலாக ஜாக்கெட் தைக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அளவு ஜாக்கெட்டைக் கையில் வாங்கினால், போடுகிறவளுக்கு எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் ஒரு புரோகிராமைக் காட்டினாள். மார்பு, இடுப்பு, கை அளவைக் கொடுத்தால், துணிமேல் வைத்து வெட்டுகிற பேப்பர் கட்டிங் அச்சாகி வருகிறது. திருப்பூர்க்காரர் ஒருவர் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டு வைத்தாராம். நான் சொல்லச் சொல்ல, மகள் அதில் புதுப்புதுக் கழுத்து மாடல்களைச் சேர்த்தாள். நன்றாகத்தான் வந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்த மனிதர் பெயர் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"என் கடைத் தாள்ல அந்தாளு பேரு எதுக்குடி? எடுத்துட்டு நம்ம கடை பேரைப் போடு."

"எடுக்கக் கூடாதும்மா."

"கழுத்தெல்லாம் யாரு சொன்னது? எடுடி."

எடுத்துவிட்டாள். மற்ற தையற்காரிகளுக்கும் உதவட்டும் என்று அதை நெட்டிலும் போட்டாள். பத்தே நாளில் அந்த மனிதரிடமிருந்து மெயில் வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அதுதான் அவர் போட்ட நிபந்தனை, லைசென்ஸ்.

"ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலையே போயிடும்மா. திருடினதாத்தான் பேசுவாங்க."



எங்கள் தொழிலில், ஆல்டருக்கு வந்த ஜாக்கெட்டின் கழுத்தையே பிரித்தாலும், முதலில் தைத்தவரின் லேபிளைத் திரும்ப வைத்துத் தைப்போம். விவேக் நகரில் ஒருத்தி என் லேபிளைப் பிரித்துவிட்டாள் என்று, ஆட்டோ பிடித்துப் போய் அவள் கடை வாசலில் சண்டை போட்டவள் நான். அந்த நானே இதைச் செய்திருக்கிறேன்.

மெயிலில் நம்பர் இருந்தது. "போனைப் போடு, நான் பேசறேன்" என்றேன்.

"ஐயா, உங்க பேரை எடுக்கச் சொன்னது நான்தான். பொண்ணு வேணாம்னுதான் சொன்னா. தப்பு என்னுது."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அட, விடுங்கம்மா. உங்க பொண்ணு மேல கேஸு போட எனக்கெங்கீங்க நேரம்? பேரைத் திரும்பப் போட்டுருங்க, போதும். ஆமா, அந்த போட் நெக் கழுத்து யாரு சொன்னதுங்க? தோள்ல வழுக்கவே மாட்டேங்குதுங்களே!"

"நான்தான்."

"அப்ப எம் பேருக்குக் கீழ உங்க பேரையும் போடோணுமுங்க. சேர்த்தவங்க பேரும் இருக்கோணும்னு லைசென்ஸ்லயே இருக்குதுங்க."

போனை வைத்ததும் மகள் என் மடியிலேயே தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். காலையிலிருந்து இருவரும் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காபி குடித்துவிட்டுப் பெயர்களைப் போட்டு முதல் தாளை அச்சடித்தாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே அவர், கீழே நான்.

"இப்ப திருப்தியா?" என்றாள்.

"எழுத்துதான் பொடியா இருக்கு."

"அவரு பேரைவிடப் பெருசா வேணுமா உனக்கு?"

"வேணாம்டி. ரெண்டையும் சேர்த்தே பெருசாக்கு."