பேரைச் சொன்னது யார்?

வேல்விழி கையில் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கோயில் பிரசாதமானாலும் சரி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். கறை, ஓட்டை, விட்ட தையல் எதுவும் அவளிடம் தப்பாது. தையல்காரனான நான் அவளிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனாலும் ஒர்க்கர்ஸ் கமிட்டிக்கு ஆள் போடும்போது அவளுக்குத்தான் கை தூக்கினேன். லேசில் ஏமாற மாட்டாள் அல்லவா.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதும் ஆர்டர் படுத்துவிட்டது. செக்கிங்கில் ஒருவரைக் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். யார் முடிவு என்று வேல்விழி கேட்டாள். சூப்பர்வைசர் முதலாளியைக் காட்டினார். முதலாளி கிட்டுசாமி, "நானென்னங்க பண்றது, பையரு சொல்றானுங்க" என்றார். சரக்கு வாங்கும் அந்த வெளிநாட்டுப் பையரின் ஏஜெண்ட் வரியைக் காட்டினான்.

எச்.ஆர். மானேஜர் தரணீதரன் நிறையப் படித்தவர். அதனாலேயே அவரிடம் எனக்கு ஒரு பயம் உண்டு. வேல்விழி கடைசியில் அவரிடமே போய்க் கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சே யாரும் கெடுதல் பண்றதில்லீங்க. கிரேக்கத்து ஞானிங்க அந்தக் காலத்துலயே சொல்லீட்டாங்க. சந்தைங்கறது மழை மாதிரி. மழை மேல கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது?"

"எங்கூர்ல சுடலைமாடன் கொடையில சாமியாடி கை நீட்டுனா, தப்புப் பண்ண ஆளத்தான் சார் காட்டுவாரு. மழையக் காட்ட மாட்டாரு" என்றாளாம் வேல்விழி.

அவர் சிரித்துவிட்டு, நைசாகச் சொல்லியிருக்கிறார்: "அப்ப கமிட்டி சார்பா நீங்களே ஒரு பேரைச் சொல்லீருங்க. இல்லீன்னா நாங்க மூணு பேரை எடுக்கற மாதிரி ஆயிருமுங்க."

அவள் சொன்ன பேர் ஜெயசுதா. செக்கிங்கில் அவளோடு வேலை செய்யும் உயிர்ச் சிநேகிதி, ஒரே காம்பவுண்டுக்காரி. ஜெயசுதாவின் புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் ஒற்றைச் சம்பளம். சிநேகிதி என்று விட்டுவிட்டால் அது கள்ளத்தனம் என்று நினைத்திருக்கிறாள்.

தரணீதரன் ஜெயசுதாவைக் கூப்பிட்டு, இதற்கு யாரும் காரணமில்லை என்று பதமாகச் சொல்லி அனுப்பினார். வேல்விழி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஜெயசுதா வீட்டுக்குப் போனாள்.

"ஏட்டி, ஒம் பேரச் சொன்னது நாந்தான்."

ஜெயசுதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படிச் சொல்லச் சொன்னது யாரு? மானேஜரா, மொதலாளியா?"

"யாரும் சொல்லச் சொல்லல. நாந்தான்."

"வேலைய விட்டுத் தூக்குனவன் எவனாச்சும் வீடு தேடி வந்து நாந்தான்னு சொல்லுவானா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. இவ யாரக் காப்பாத்துதா?"

சத்தியமாக எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

வேல்விழி அழுதுவிட்டாள். "நாந்தாம்ட்டி, நம்பு."

"உண்மையான பேரோட வா. அப்பப் பேசலாம்" என்று ஜெயசுதா கதவைச் சாத்தினாள்.