சாக்குக் குடோனில் கொலையாட்டம்

போன ஞாயிறு பேரனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும் பிள்ளைகள் ஹால் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். "தாத்தா, நீங்க டெட் பாடி. அசையக்கூடாது," என்றான் பேரன். யாரோ ஒரு வாண்டு இருட்டில் என் கழுத்தைத் தொட்டது. நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் அலறிவிட்டன. எழுந்து போய் எல்லா ஸ்விட்சையும் போட்டேன். கிழவனுக்குப் புத்தி பிசகுகிறது என்று மருமகள் முகம் சொன்னது.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. என் லாரி மாதிரி கொஞ்சம் குலுங்கும், ஆனால் சரக்கு போய்ச் சேரும். லாரி என்றதும் ஞாபகம் வருகிறது, மூன்று ஓடுகிறது, மூன்றும் என் பெயரில். எல்லையோரக் கௌதள்ளி கிராமத்திலிருந்து ஒரு துணிப்பையோடு மைசூருக்கு பஸ் ஏறியவன் நான். இன்று பேங்க் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுகிறார். இதைச் சொல்லாமல் எனக்கு எந்தக் கதையும் ஆரம்பிக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகள் பிறந்த புதிதில் எனக்குப் பழைய சாக்கு வியாபாரம். மண்டிகளில் காலிச் சாக்கை வாங்கி, உதறி, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, திரும்ப விற்பது. படித்தவர்கள் மூக்கைப் பொத்துகிற தொழில். எனக்கென்ன, சோறு போட்டது. குடோன் ஒரு சந்துக்குள் இருந்தது. வரிசையாக ஷட்டர்கள், எல்லாம் ஒரே பச்சை, ஒன்றுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. மூன்றாவது என்னுடையது. அதை இறக்கிவிட்டால் பட்டப்பகலிலும் உள்ளே நம் கையே நமக்குத் தெரியாது. எங்கே நிற்கிறோம் என்பதை மூக்குதான் சொல்லும். இடப்பக்கம் வெல்லச் சாக்கு. பின்னால் கொப்பரைச் சாக்கின் எண்ணெய் வாடை. மூலையில் மிளகாய்ச் சாக்கு. அங்கே போனவன் தும்மாமல் திரும்பமாட்டான்.

அந்த இருட்டைப் பார்த்துத்தான் ரகுவுக்கு அந்தக் கொலையாட்டம் நினைவுக்கு வந்தது. ரகு நம்மவன், தமிழன். அப்பா ரயில்வேயில் பெரிய வேலை. பிறந்ததே மைசூரில் என்பதால் தமிழைவிடக் கன்னடம் நன்றாக ஓடும். மைசூர்ப் பையன்கள் மாதிரி எல்லோரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். யாரோ வீடு மாற்றுகிறார்கள், சாமான் கட்டச் சாக்கு வேண்டும் என்று வந்தவன், சாக்கு அட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நாலைந்து கூட்டாளிகளோடு வந்தான். பட்டம் படித்த ஒருவன் என் குடோனைத் தேடி வருகிறான் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஊருக்குப் போனபோதுகூட நாலு பேரிடம் சொன்னேன்.

ஆட்டத்தை அவன் காலேஜ் ஹாஸ்டலில் கற்றிருந்தான். முதலில் சீட்டில் எழுதிப் போடலாம் என்றான். உடனே என்னைப் பார்த்து, "வேணாம் குரு, கௌதள்ளி ஐயா சீட்டைத் தலைகீழாப் பிடிச்சிட்டு முழிப்பாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதனால் சீட்டுக்கட்டு வந்தது. இஸ்பேட் ராஜா கிடைத்தவன் கொலைகாரன், யாரிடமும் காட்டக்கூடாது. ஆர்ட்டின் ராணி கிடைத்தவன் போலீஸ். ஷட்டர் இறங்கும். இருட்டில் கொலைகாரன் யாராவது ஒருவன் கழுத்தைத் தொடுவான், தொடப்பட்டவன் கத்திக்கொண்டு விழுவான். ஷட்டரைத் தூக்கிப் போலீஸ் விசாரிக்கும். விசாரணையில் எல்லோரும் உண்மைதான் சொல்ல வேண்டும். கொலைகாரன் மட்டும் பொய் சொல்லலாம். மொத்த ஆட்டமும் அந்த ஒரு விதியில்தான் நின்றது.

பக்கத்து ஷட்டர் டெய்லர் சிவண்ணாவும் ஆடுவான். கன்னடக்காரன். எங்களோடு பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழ் பேசுவான். ஒருநாள் நான் கொலைகாரன், ரகு போலீஸ். மிளகாய் மூலைப் பக்கம் ஒருவன் விழுந்து கிடந்தான்.

"சிவண்ணா, இவன் எங்க நின்னான்?"

"நன் பக்கத்துலே, வெல்லச் சாக்குகிட்டே. அசையவே இல்ல குரு," என்றான் சிவண்ணா, சத்தியம் செய்கிற முகத்தோடு.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல். ஒன்றல்ல, வரிசையாக. மிளகாய் மூலையில் நின்றவன் வேறு எப்படி இருப்பான்? கூட்டம் உருண்டு சிரித்தது. ரகு மட்டும் சிரிக்கவில்லை. சீட்டுக்கட்டைத் தரையில் வீசினான்.

"நீ கொலைகாரன் இல்லல்ல? அப்ப எதுக்குப் பொய் சொன்னே? ரூல் ரூல்தான்."

"ஃப்ரெண்டுக்காக ஒரு பொய்யி. போகட்டும் பிடு குரு."

"அப்படின்னா ஆடவே வேணாம்."

எவ்வளவு நேர்மையான ஆள் என்று அன்றைக்கு ரகுவைப் பற்றி நினைத்துக்கொண்டேன். படித்தவன் படித்தவன்தான் என்று.

பிறகு காவிரித் தண்ணீர்ச் சண்டை வந்தது. தமிழ் பேசுகிறவர்கள் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு போன நாட்கள். எனக்குக் கன்னடம் வரும், ஆனால் வாயைத் திறந்தால் எங்கள் ஊர் இழுவை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மத்தியானம் கடைத்தெருப் பக்கம் கூச்சல் கேட்டது. ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சந்தில் நின்று முழித்தேன். எதிர்வீட்டில் ஊதுபத்தி உருட்டும் புட்டம்மா வெளியே வந்து, மணிக்கட்டைப் பிடித்து என்னை உள்ளே இழுத்தாள். கன்னடத்துப் பெண்பிள்ளை. பொய் சொன்னால் நாக்கில் புண் வரும் என்று நம்புகிறவள். என் மணிக்கட்டில் ஊதுபத்திக் களியின் கறுப்பு விரல் விரலாகப் பதிந்திருந்தது.

கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கோணி தொங்கவிட்டாள். அந்த இருட்டில் கோணியின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். பத்திருபது பேர், இந்தப் பக்கத்து முகங்களே இல்லை. ஒரே மாதிரிப் பச்சை ஷட்டர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பலகை மாட்ட வசதியில்லாததற்கு அன்றுதான் சாமியைக் கும்பிட்டேன்.

சந்து முனையில் சைக்கிளோடு ரகு நின்றிருந்தான். அவன் கன்னடத்தைக் கேட்டு யாரும் அவனைத் தமிழன் என்று சொல்ல முடியாது. அவனிடம் என்னவோ கேட்டார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். ரகு கையைத் தூக்கி மூன்றாவது ஷட்டரைக் காட்டினான். காட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

என் சாக்கெல்லாம் எரிந்தது. கொழுந்துவிட்டு எரிந்தது வெல்லமும் கொப்பரையும்தான். மிளகாய்ச் சாக்கு புகைந்தது பாருங்கள், கொளுத்தியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிதறினார்கள். அந்தச் சந்திலே எனக்காகச் சண்டை போட்டது அது ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன். இல்லை, புட்டம்மா இருந்தாள். இருமிக்கொண்டே இரண்டு பேர் அவள் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார்கள். சொம்பை நீட்டினாள். சாக்குக்காரன் இங்கே இருக்கிறானா என்று கேட்டார்கள்.

"இல்லி யாரூ இல்லப்பா. நானு ஒப்பளே."

யாருமில்லை, நான் ஒருத்திதான் என்றாள். குரல் கொஞ்சமும் அசையவில்லை. அவள் எங்கள் ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை.

ஊர் அடங்கியதும் ரகு வீட்டுக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

"ஏன் ரகு, மூணாவது ஷட்டருன்னு கை காட்டுனயா?"

"கேட்டாங்க குரு. பொய் சொல்லி மாட்டினா எங்க வீட்டுக்கு வருவாங்க. அப்பாக்கு ஹார்ட் வேற."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமல்லோ?"

"நான் உண்மையத்தானே சொன்னேன்."

"கொலைகாரன் மட்டுந்தான் பொய் சொல்லலாமுன்னு நீதான சொன்னே? நீ உண்மையே சொன்னயே. அப்ப என்னைக் கொன்னது ஆருடா?"

உள்ளிருந்து அவன் அம்மா, "யாருடா அது?" என்று கேட்டாள். "யாரோ சாக்குக்காரன்மா," என்றான்.

அவன் பயந்தான் என்பது எனக்குப் புரிகிறது. இத்தனை வருஷமாகப் புரிந்துகொண்டுதான் இருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் எழுந்த கதை ஊருக்கே தெரியும். கைகொடுத்தது சிவண்ணா, அவன் கடையின் பாதியை ஒதுக்கி, கத்தரித்த துணிகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்தான். இப்போது சிவண்ணா இல்லை. புட்டம்மாவும் இல்லை, அவள் படம் என் ஆபீசில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அம்மாவா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ரகு ரிட்டயராகி, காலையில் ஏரிக்கரையில் நடக்கிறான். எதிரே வந்தால் கன்னடத்தில் நமஸ்காரம் சொல்கிறான். நானும் சொல்கிறேன்.

கோணிச் சாக்கும் போய்விட்டது. என் லாரிகளில் ஏறுவதெல்லாம் பிளாஸ்டிக், எந்த வாசனையும் கிடையாது. ஷட்டர் வரிசையை இடித்துக் கண்ணாடிக் கடைகள் கட்டிவிட்டார்கள். போன மாதம் போய் நின்றேன். மூன்றாவது ஷட்டர் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், பகலிலும் விளக்கு எரிகிறது. அங்கேதான் ஒரு காலத்தில், இருட்டில் எவனோ கழுத்தைத் தொட்டால் விழுந்து புரண்டு சிரித்தேன். இப்போது விடியற்காலையில் மனைவி எழுப்பத் தொட்டால்கூட, முதலில் அந்தக் கையைப் பிடித்து யாருடையது என்று பார்க்கிறேன்.