சொதியாய்ப் போன க்ரீம்

டெல்லியில் மே மாதம் பிறப்பது என்பது கூட இருப்பவர்களுக்குக் கொடுக்கிற தொந்தரவு. என் தம்பி அதைத்தான் செய்தான். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், கூலரைப் போட்டால் புழுக்கம் வரும், ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவே பிடிக்காத மாதம் அது. அந்த மாதத்தில், தன்னுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு வெள்ளை க்ரீம் பூசின கேக் வேண்டும் என்று கேட்டான். அவனுக்குப் பால் ஆகாது.

ஆகாது என்றால் வயிறு கடமுடா என்கிற ரகம் இல்லை. ஒரு சொட்டு உள்ளே போனால் உதடு வீங்கும், மேலெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், மூச்சு விசிலடிக்கும். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குள் பால் பாக்கெட் வருவது நின்றுபோனது. தயிர் இல்லை, மோர்க்குழம்பு இல்லை, நெய் இல்லை. அப்பா வரக்காப்பியைக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் பன்னிரண்டு வயது. பால் ஆகாதது அவனுக்கு, தண்டனை மட்டும் எனக்கும் சேர்த்து என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

தயிர் போனால் போகட்டும், பிறந்தநாள் விழாக்கள்தான் என் வயிற்றெரிச்சல். எங்கள் ப்ளாக்கில் வாரத்துக்கு ஒரு பிள்ளைக்காவது பிறந்தநாள் வந்துவிடும். கேக்கை வெட்டி முதல் துண்டை ஊட்டுவது வரைக்கும்தான் ஒழுங்கு. அதற்கப்புறம் கூடியிருக்கிற அத்தனை பேரும் க்ரீமை வழித்துப் பிறந்தநாள்காரனின் மூஞ்சியில் அப்புவார்கள். மூக்கு, காது, முடி எல்லாம் வெள்ளையாகிக் கண் மட்டும் தெரிய அவன் நிற்பான். அதைப் போட்டோ எடுத்தால்தான் அவர்களுக்கு விழா முடிந்த மாதிரி.

ஒருமுறை மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி, தன் மகனுடைய பிறந்தநாளில், பக்கத்தில் நின்ற என் தம்பியின் கன்னத்திலும் பிரியமாக ஒரு விரல் க்ரீமைத் தடவிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் மூடிக்கொண்டது. அப்புறம் மூச்சு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஆன்ட்டி அழுதுகொண்டே வந்தார். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி அவனைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ப்ளாக் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். கேக் பக்கம் அவன் நகர்ந்தாலே யாராவது ஒருத்தன் "மத் சூனா இஸ்கோ!" என்று கத்துவான், எல்லோரும் அவனைத் தொடாமல் பின்னால் நகருவார்கள். அம்மா எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். எந்த வீட்டு விழாவாக இருந்தாலும், கத்தி கேக்கில் இறங்கின உடனே நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். உள்ளே சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கையில் கொடுத்த சிப்ஸைத் தின்போம். அவன் கம்பி இடுக்கு வழியாகக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். கேக் தின்ன ஏங்குகிறான், பேராசைக்காரன் என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கும்தான் ஏக்கம். எனக்கு எந்த நோயும் இல்லையே!

இந்த நிலைமையில்தான் அவன் க்ரீம் கேட்டான். ஜாம் தடவித் தருகிறேன் என்றாள் அம்மா. வேண்டாம். முந்திரி அரைத்துப் பூசுகிறேன் என்றாள். வேண்டாம். வெள்ளையாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும், இரண்டே நிபந்தனை. அம்மா அவனை மறுத்துப் பழகாதவள். தேங்காய்ப்பாலைக் குளிரவைத்து அடித்தால் அப்படியே க்ரீம் வரும் என்று செல்போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து, எங்களையும் உட்காரவைத்துக் காட்டினாள். அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் அடித்து முடித்தாள். அவள் ஊரில் மே மாதம் கிடையாதுபோல.

"ஒட்டுமாம்மா?" என்று கேட்டான் தம்பி.

"கேக்குல ஒட்டாம எங்க போவும்? நல்லா ஒட்டும்ல" என்றாள் அம்மா.

முதல் நாள் அப்பா ஐஎன்ஏ மார்க்கெட்டிலிருந்து சொன்ன விலைக்கே தேங்காய் வாங்கி வந்தார். அம்மா திருநெல்வேலிக்காரி. தேங்காய்ப்பால் எடு என்றால் அவள் கை தன்னால் சொதிக்குப் பால் எடுக்கும். வெந்நீரைத் தாராளமாக விட்டு அரைத்துப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தால் மேலே ஓர் ஆடை, அடியில் பாத்திரம் நிறையத் தண்ணீர். அடித்தோம். என் சட்டை நனைந்தது. அத்தனை பாலையும் கொட்டவா முடியும்? முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு அன்று சொதி வைத்தாள்.

அடுத்து, டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பால் வந்தது. அதை ஆடாமல் அசையாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியானது மேலே மிதக்கும், அதை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். அம்மா பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அந்த டப்பாக்களை அடுக்கிவைத்தாள். மறுநாள் திறந்தால் ஒரே சீராக, கொழகொழவென்று, சொதிக்கென்றே செய்த பால். என்ன ஆயிற்று என்று ஆளாளுக்கு விழித்தோம். அப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார், தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் தானும் தன் பங்குக்கு டப்பாவை எடுத்துக் குலுக்கிவைத்ததாக.

"நல்லா குலுக்கணும்னுலா டப்பாவுல போட்டிருக்கான்" என்றார்.

"இது என்ன ஒங்க ஆபீஸ் ஃபைலா? எழுதியிருந்தா அப்பிடியே செஞ்சிருவீயளோ?"

அப்பா மத்திய அரசு ஊழியர். எழுதியிருந்தால் செய்துவிடுவார். அன்றும் சொதி.

அடுத்த தடவை அப்பா ஃப்ரிட்ஜ் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும், நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அதுதான் என் வேலை. இந்த முறை கெட்டிப்பால் அழகாக மிதந்தது. அம்மா சந்தோஷத்தில் அதை வழித்து மிக்ஸியில் போட்டு ஓட்டிவிட்டாள். சூட்டில் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து வந்தது. எண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் மறுபடியும் சொதி வைத்தாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளுக்குப் போடுகிற சாப்பாடு அது. தினம் தினம் மறுவீட்டுச் சாப்பாடு சாப்பிட்டோம். யாருக்குக் கல்யாணம் ஆனது என்றுதான் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் காரணமானவன் ஒவ்வொரு தடவையும் வந்து பாத்திரத்துக்குள் ஒரு விரலை விட்டு, அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒட்டலையே" என்று போய்விடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தநாள் அன்று காலையில் கடைசி முயற்சி. சமையலறைச் சூட்டில் எதுவும் கெட்டியாக நிற்காது என்பது புரிந்துவிட்டது. ஏசி இருந்தது மாடி வீட்டில்தான். ஐஸ் நிரப்பின அலுமினியச் சட்டி, அதற்குள் எங்கள் எவர்சில்வர் கிண்ணம், புதிதாக வாங்கின கம்பி அடிப்பான் எல்லாம் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் படியேறினோம். ஆன்ட்டியிடம் கரண்டில் ஓடுகிற பீட்டர் இருந்தது. அதைத் தரவா என்று வாய்வரை வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தானே அதை எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். பால் க்ரீம் பட்ட சாமான். படக் கூடாது. நியாயம்தான். ஆனால் கையால் அடிக்க வேண்டியது யார்? நான்.

அடித்தேன். ஆன்ட்டி சீரியல் பார்த்தார். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்த சர்க்கரை தூவினாள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. மாற்றிப் பிடிக்கலாம் என்றால் அம்மாவின் கையில் தேங்காய்ப்பால் டப்பாவின் மூடி பட்டு வெட்டுக்காயம். பீரோ மேலே பீட்டர் சும்மா கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். கடைசியில், எப்போது என்று தெரியாமல், கிண்ணத்துக்குள் இருந்தது கெட்டியாகி, அடிப்பானைத் தூக்கினால் நுனி மடங்காமல் நின்றது. அம்மா கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை. ஆன்ட்டி டிவியை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்.

சாயங்காலம் ப்ளாக் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு அம்மா சுட்ட கேக்கின் மேலே, என் தோளை விலையாகக் கொடுத்து வாங்கின க்ரீம் வெள்ளைவெளேரென்று இருந்தது. கூலருக்கு நேரே வைத்தும் ஓரம் லேசாக இளக ஆரம்பித்திருந்தது. பாட்டுப் பாடினார்கள். கத்தி இறங்கியது. இறங்கின அதே நொடியில் பிள்ளைகள் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஆன்ட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், நானே அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துவிட்டேன், அவனுடைய பிறந்தநாளில், எங்கள் வீட்டிலேயே.

"விடுக்கா!" என்று கையை உதறினான்.

அம்மா இந்தியில் எல்லோருக்கும் விளக்கினாள். இது தேங்காய், பால் இல்லை, ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒருத்தரும் அவன் கிட்டே வரவில்லை. அப்பா ஒரு துண்டை ஊட்டப் போனார். அவன் வாயைத் திறக்கவில்லை. மேஜை ஓரத்தில் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அப்படியே நின்றான்.

"சாப்பிடுல" என்றேன்.

தலையை ஆட்டினான். கண்ணைத் திறக்கவில்லை. மூடின இமைக்கடியில் தண்ணீர் கோத்திருந்தது.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். சொதி, அப்பாவுக்குத் தண்ணீர் சுமந்தது, படியில் உட்கார்ந்து தின்ற அத்தனை சிப்ஸ், காலையிலிருந்து கடுத்த தோள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இவ்வளவும் செய்து கொடுத்தால் ஒரு வாய் தின்ன மாட்டாயா? கேக்கின் மேலிருந்து ஒரு கை நிறைய க்ரீமை வழித்தேன். அவன் மூஞ்சியில் பளீரென்று அறைந்து அப்பினேன். அடிக்க வேண்டும் என்றுதான் அப்பினேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

அம்மா போட்ட அலறலில் எல்லோரும் உறைந்துபோனார்கள். ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பால் இல்லை என்று இந்தியில் அத்தனை பேருக்கும் விளக்கினவளே அவள்தான். அப்பா மருந்து டப்பாவை எடுக்க அலமாரிக்குப் பாய்ந்தார்.

க்ரீமுக்குள்ளிருந்து இரண்டு கண் திறந்தது. அப்புறம் பல் தெரிந்தது. அவன் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவக்கா" என்றான்.

அவ்வளவுதான். பிள்ளைகள் பாய்ந்தார்கள். மூக்கில், காதில், முடியில், ஆளுக்கொரு கை. நகராமல் நின்றது ஆன்ட்டி மட்டும்தான். அவன் தானாகவே போய் அவர் முன்னால் முகத்தை நீட்டினான். ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா துண்டைக் கீழே இறக்கினாள். ஆன்ட்டி பின்னாலிருந்து ஒரு கையை எடுத்து, ஒற்றை விரலால், அன்றைக்குத் தொட்ட அதே கன்னத்தில் தொட்டுவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சந்தோஷமான நாளில் இந்தப் பெரியவர்கள் ஏன் இப்படி அழுது காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

முகத்தைக் கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்து அப்படியே படுத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். விடிகாலையில் எறும்பு வந்து அவனை விட்டுவிட்டு என்னைக் கடித்தது. தடிப்பு எழும்பினது எனக்குத்தான்.

காலையில் அம்மாவிடம் போய் முறையிட்டேன். இத்தனை நாள் எல்லோரையும் ஆட்டிவைத்தானே, கடைசியில் அந்தக் கேக்கில் ஒரு துணுக்காவது தின்றானா, நீயே கேள் என்றேன். அம்மா என் தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த க்ரீம் ஒட்டுமா ஒட்டுமா என்று உயிரை வாங்கினவன், இனிக்குமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.