நான் தலையாட்டிய தண்ணீர்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்று இன்றைக்கும் சந்தேகம்தான். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பல் முழுக்கக் காவி. சிரித்தால் கையால் மறைத்துக்கொள்வேன். அப்பாவுக்கும் அப்படியே இருந்ததால் பரம்பரை என்று நினைத்திருந்தேன்.

இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை செய்கிறேன். முன்பு போர்வெல் போடும் வண்டியில் இருந்தேன். வண்டியோடு தான்சானியாவுக்குப் போய் இரண்டு வருடம் அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டோம். எங்களுக்கு டிரைவராக இருந்தவர் அந்த நாட்டுக்காரர். எங்களோடு சுற்றியே தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். நாங்கள் அடுப்பு பற்றவைக்கும் முன்பே வந்து, “சாப்டாச்சா அண்ணா?” என்று கேட்பார்.

கடைசியாக அவருடைய ஊரிலேயே போர் போட்டோம். அங்கே மழை பொய்த்து இரண்டு வருடமாகியிருந்தது. குளம் சுருங்கிச் சேறாகி, மாடும் மனிதரும் அதையே குடித்தார்கள். ஊரில் வாந்திபேதி. டிரைவரின் மூத்த மகன் அதில்தான் இறந்தான். அடுத்த பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அதை அவர் இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டார்.

எங்கள் வண்டியில் புதுத் தண்ணீரை முதலில் குடித்துப் பார்ப்பவன் நான். மற்றவர்கள் வாயில் வைத்ததும் துப்பிவிடுவார்கள். “இவனுக்குக் கருங்கல்லக் கரைச்சுக் குடுத்தாலும் இனிக்கும்யா” என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அன்றைக்கு உச்சி வெயிலில் தண்ணீர் பீறிட்டது. சேறு போய்த் தெளிந்ததும் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். எங்கள் கொல்லை போர்த் தண்ணீரின் அதே கனம், நாக்கின் ஓரத்தில் அதே லேசான சவர்ப்பு. ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. பெண்களெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, தண்ணி நல்லா?” என்றார் டிரைவர்.

தலையாட்டினேன். “எங்கூர்த் தண்ணி மாதிரியே இருக்குது.”

அவர் அதை அவர்கள் மொழியில் சொன்னதும் பெண்கள் குலவையிட்டார்கள். டிரைவர் குழந்தையை என் முன்னால் நீட்டினார். என் கையில் மீதி இருந்த தண்ணீரைத்தான் அது முதலில் குடித்தது. அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு யாராவது எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. மறுநாளே வண்டியைக் கிளப்பிவிட்டோம்.

ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் கம்பெனியில் பல் முகாம் நடந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், “மேடம், எங்க மாமா வாயத் தொறக்கறதே அதிசயம், ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க” என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“எந்த ஊருங்க?”

“பாரூர் பக்கம்ங்க.”

“சின்னதுல போர் தண்ணியா குடிச்சீங்க?”

“ஆமாங்க. ஒகேனக்கல் தண்ணி இப்பதானுங்களே வந்துச்சு.”

“அப்ப இது ஃபுளோரைடு. பல்லோட நின்னா பரவால்ல, ரொம்பப் போனா எலும்பையும் வளைச்சுரும்.”

“தண்ணி நல்லாத்தான் இருக்குமுங்க, மேடம்.”

“ஃபுளோரைடுக்கு ருசியே கெடையாதுங்க.”

அப்படியானால் நான் அங்கே குடித்துப் பார்த்துக் கண் கலங்கியது எதற்கு? ஆப்பிரிக்காவிலும் இது உண்டா என்று கேட்டேன். கிழக்குப் பக்கம் நிறைய உண்டு, ஆனால் எல்லாக் கிணற்றிலும் இருக்காது, சோதித்தால்தான் தெரியும், அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கு மழைத் தண்ணீர் நல்லது என்றார். “ஏன் கேக்கறீங்க?” என்றார். “சும்மாதாங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சொன்னால் மறுபடி குளத்துக்குப் போய்விடுவார்களோ என்று பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டேன்.

“அண்ணா! சாப்டாச்சா?” என்று கத்தினார் டிரைவர். மகளை இழுத்துவந்து காட்டினார். நன்றாக வளர்ந்திருந்தாள். சிரித்தபோது முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. ஈறில் புதுப்பல் அரிசி நுனி அளவு எட்டிப் பார்த்தது. வெள்ளையா காவியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படம் விட்டுவிட்டு வந்தது.

“பாப்பாவுக்கு மழத்தண்ணி புடிச்சுக் குடுங்க” என்றேன்.

“மழையா? உங்கூர்ல இருந்தா அனுப்பு அண்ணா” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “ஏன்? தண்ணி கெட்டதா? நீ குடிச்சியே?”

வழக்கம்போல என் கை வாய்மேல் இருந்தது. எடுத்தேன். போனைக் கிட்டே கொண்டுவந்து பல்லைக் காட்டினேன். அத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிட்டும் அவர் என் பல்லைப் பார்த்ததில்லை.

“எங்கூர்த் தண்ணியாலதான் இப்படி ஆச்சு” என்று சொன்னேன். “தண்ணிய டவுனுக்கு எடுத்துப்போய்ச் சோதிச்சுப் பாருங்க” என்றேன்.

“போறேன். அது வரைக்கும் எது குடிக்கும் அண்ணா? குளமா, போரா?”

தெரியாது என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. மகளை எந்தத் தண்ணீர் பக்கம் கூட்டிப்போகிறாரோ.

9-2-2025, ஞாயிற்றுக்கிழமை.