எங்களுக்கு முன் பள்ளிக்கூடம் போன அம்மா

எங்கள் அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டியது மகளான என் கடமை.

அம்மா பிறந்தது தர்மபுரிப் பக்கம். கல்யாணமான கையோடு கர்நாடகத்தில் அத்திபெலேயை அடுத்த ஒரு கல்குவாரிக்கு வந்தார். அப்பா வாங்கிய முன்பணத்துக்காக இருவரும் கொத்தடிமை ஆனார்கள். அப்பா காலமான பிறகும் கடன் காலமாகவில்லை. அதிகாரிகள் வந்து மீட்டபோது தம்பியும் நானும் சிறு பிள்ளைகள். ஹெப்பகோடியில் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறினோம். அம்மா சித்தாள் வேலைக்குப் போனார்.

ஒருநாள் கன்னட டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து, "மக்களன்ன ஷாலெகெ களிசம்மா" என்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு என்று அர்த்தம். கன்னடத்தில் ஷாலெ என்றால் பள்ளி, சாலா என்றால் கடன். குவாரியில் அம்மா கேட்ட கன்னடத்தில் சாலா மட்டும்தான் உண்டு. அங்கே பள்ளியைப் பற்றி யார் பேசினார்கள்? பிள்ளைகளைக் கடனுக்குக் கேட்கிறார்கள் என்று நடுங்கிப்போனார்.

"புள்ளைங்கள விட்ருங்கம்மா. அதுங்களுக்குப் பதிலா நான் வரேன்" என்றார்.

டீச்சருக்குத் தமிழ் அரைகுறை. அம்மாவுக்கும் படிக்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, "நீங்களும் வாங்கம்மா, நாளைக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாற்றுப் புடவை ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினார். திரும்பி வருவோம் என்று அவர் நினைக்கவில்லை. டீச்சர் கைகாட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "உடைக்கிற கல்லு எங்க இருக்கு?" என்று கேட்டாராம். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தமிழ் ஆயா, "கல்லா? இது பள்ளிக்கூடம்மா" என்றிருக்கிறார். அம்மா மூட்டையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்று மதியமே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்தக் கதையை அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

நான் நர்ஸ் ஆனேன். தம்பி ஐடிஐ முடித்து ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஆனால் கல்தூசி அம்மாவின் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. கடைசியில் அதுதான் அவரைக் கொண்டுபோனது.

அந்த டீச்சருக்கும் ஆயாவுக்கும், அம்மா படுத்திருந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், குவாரியிலிருந்து எங்களோடு வெளியே வந்த குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. நான் கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்தைப் பிறகுதான் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதையே கன்னடத்திலும் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறோம்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வீட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். வந்து வாசித்துக் காட்டுகிறோம். போகும்போது பிள்ளையையும் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போகிறோம்.